தொடக்க நிலை தாண்டியாயிற்று, இனி எந்தப் பழைய விண்ட்சர்ஃபிங் பலகை?

நண்பர் ஒருவர் இரண்டு படங்களை அனுப்பி, "இதில் எது?" என்று மட்டும் கேட்டிருந்தார். முதல் படத்தில் 145 லிட்டர் மிதப்புள்ள ஃப்ரீரைடு பலகை (காற்றில் வேகமாக வழுக்கி ஓடுவதற்கான குட்டை வகை), வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பளபளவென்று இருந்தது. இரண்டாவதில் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம், வெயிலில் வெளுத்த நிறம், நடுவில் டாகர்போர்டு, அதாவது தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் தகடு. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நண்பர் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் மாட்டிய பலகையில் நின்று காற்றால் நீரில் ஓடுவது, தொடங்கி இரண்டு சீசன் ஆகிறது. தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்துவார், காற்றுக்குக் குறுக்கே போவார், தட்டுத்தடுமாறித் திரும்புவார், பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார். பெரும்பாலும்.

இந்தக் கட்டத்தில் நிற்கிற எல்லாருக்கும் வரும் கேள்வி இது. வாடகைப் பலகை சலித்துவிட்டது. புதிது வாங்கினால் கையைக் கடிக்கும். அதோடு, இப்போது வாங்குவதை இரண்டு மூன்று வருடத்தில் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஆக, செகண்ட் ஹேண்ட்தான் சரி. எந்த வகை என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நானும் மாட்டிக்கொண்டவன்தான். என் முதல் சொந்தப் பலகை 105 லிட்டர். விற்றவர், "நல்லாப் பழகிட்டா இதுதான் உங்களுக்குக் கடைசி வரைக்கும்" என்றார். அப்போது என் எடை 78 கிலோ. தண்ணீரில் ஏறி நின்றேன். பலகை ஏறக்குறைய நீர்மட்டத்துக்கே இறங்கிவிட்டது. பாயை இழுக்கக் குனிந்தால் முன்பக்கம் மூழ்கியது, நிமிர்ந்தால் பின்பக்கம் மூழ்கியது. அந்தச் சீசன் முழுக்க நான் பாய் ஓட்டிய நேரத்தைவிட விழுந்து எழுந்த நேரம் அதிகம். அடுத்த வருடம் அதை விற்றுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த அகலப் பலகை மாதிரியே ஒன்றை வாங்கினேன்.

அதனால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வாய்க்கிற மிகச் சிறந்த நாளை மனத்தில் வைத்துப் பலகை வாங்காதீர்கள். காற்று பாதியில் படுத்துவிட்ட நாளில், கரை தூரத்தில் தெரிய, கை சோர்ந்து நிற்கும்போது உங்களைத் திருப்பிக் கொண்டுவருமா என்று பார்த்து வாங்குங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

லிட்டர். பலகையின் மேல் எழுதியிருக்கும் எண். நன்னீரில் ஒரு லிட்டர் ஒரு கிலோவைத் தாங்கும். கடல்நீரில் கொஞ்சம் கூடுதல், கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. நீங்கள் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நனைந்த உடுப்பும் ஹார்னஸும் (பாயின் இழுப்பைத் தாங்க இடுப்பில் கட்டும் பட்டை) 3 கிலோ, பாயும், அதை நிறுத்தும் கம்பமான மரமும், கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பூமும் 10 கிலோ, பலகை 9 கிலோ. மொத்தம் 97. அதாவது 97 லிட்டர் பலகையில் நீங்கள் அசையாமல் நின்றால் அதன் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் லிட்டர்தான் உங்கள் தடுமாற்றத்துக்கான இருப்பு. முன்னேறிக்கொண்டிருக்கும் தொடக்கக்காரருக்கு, உடல் எடையோடு 60 முதல் 80 வரை கூட்டிக்கொள்வது நல்ல கணக்கு. 75 கிலோ ஆளுக்கு 135 முதல் 155 லிட்டர். எடையோடு 40-க்கும் குறைவாகக் கூட்டி வரும் பலகையை இப்போதைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அகலம். லிட்டரை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. 2000-க்கு முன்னும் பின்னுமான சில வருடங்களில் பலகைகளின் உருவமே மாறிப்போனது. நீளம் குறைந்தது, அகலம் கூடியது. 90-களின் நடுவில் வந்த 130 லிட்டர் பலகை மூன்று மீட்டரை ஒட்டிய நீளமும் 60 சென்டிமீட்டரை ஒட்டிய அகலமுமாக இருக்கும். பத்து வருடம் கழித்து வந்த 130 லிட்டரை எடுத்தால் இரண்டரை மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம். மிதப்பது இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் முதலாவதன் மேல் நிற்பது மரக்கட்டையில் நிற்பது மாதிரி. உங்களுக்கு 75-க்குக் குறையாத அகலம் வேண்டும். 80 இருந்தால் நிம்மதி. மிக நீளமான பழைய பலகைகள் மட்டும் விலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் காற்று. கடைசியாகத் தண்ணீருக்குப் போன பத்து நாட்களை நினைத்துப் பாருங்கள். நீர்ப்பரப்பில் வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் காற்று சுமார் 7 முதல் 10 நாட் (knot, காற்றின் வேகத்தை அளக்கும் அலகு). எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 11 முதல் 16 நாட். பிளேனிங், அதாவது பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டு மேலெழுந்து வழுக்கி ஓடுவது, பெரிய பாய் வைத்திருந்தாலும் சராசரி எடையுள்ள ஒருவருக்கு 12 நாட்டை ஒட்டித்தான் தொடங்கும். பத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது?

திரும்பி வருவது. காற்று வரும் திசையை நோக்கி ஏறிச் செல்லும் திறன். டாகர்போர்டோ நடு ஃபினோ (ஃபின் என்பது பலகையின் அடியில் மாட்டும் மீன் துடுப்பு போன்ற தகடு) இருந்தால் மெதுவான காற்றிலும் ஏறலாம். பின்னால் ஒரு ஃபின் மட்டும் என்றால், அது வேலை செய்ய வேகம் வேண்டும். வேகம் இல்லாவிட்டால் பலகை பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும். கடைசியில் கரையோரமாகப் பலகையை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

உதிரி, சுமை, இடம். ஃபின் எந்தப் பொருத்தி, மரத்தின் அடிப்பகுதி எந்தப் பூட்டு, வண்டியின் கூரையில் ஏறுமா, ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா, வீட்டில் வைக்க இடம் உண்டா. சலிப்பான கேள்விகள்தான். பல பலகைகள் வருடக்கணக்கில் சுவரோரம் தூங்குவது இவற்றுக்குப் பதில் தெரியாமல் வாங்கியதால்தான்.

## பழைய நீளப் பலகை

80-களிலும் 90-களிலும் வந்தவை. மூன்றரை மீட்டருக்கு மேல் நீளம், 65 சென்டிமீட்டரை ஒட்டிய அகலம், 200 லிட்டரை ஒட்டிய மிதப்பு, காலால் தள்ளி இறக்கி ஏற்றும் டாகர்போர்டு. 1996 முதல் 2004 வரை மூன்று ஒலிம்பிக்கில் ஓடிய மிஸ்ட்ரல் ஒன் டிசைன் இந்தக் குடும்பம்தான்: 3.72 மீட்டர் நீளம், 63 சென்டிமீட்டர் அகலம்.

மெல்லிய காற்றில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. 6 நாட் காற்றில் அகலக் குட்டைப் பலகைகள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நிற்கும்போது இது சத்தமில்லாமல் நழுவிப் போகும். டாகர்போர்டை முழுக்க இறக்கிவிட்டால் காற்றை எதிர்த்து ஏறுவது அவ்வளவு எளிது. நீளத்தின் காரணமாக முன்பின் ஆட்டம் குறைவு. பக்கவாட்டு ஆட்டம் உண்டு. அகலப் பலகையில் பழகியவருக்கு முதல் மூன்று நாள் இது கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும். அப்புறம் கால் பழகிவிடும்.

காற்று கூடினால் கதை மாறும். டாகர்போர்டு கீழே இருக்கும்போது வேகம் எடுத்தால் அது ஒரு இறக்கை மாதிரி பலகையின் ஒரு விளிம்பைத் தூக்கும், மிதமிஞ்சினால் கவிழ்த்துவிடும். அதற்குள் காலால் தட்டி மடக்கத் தெரிந்திருக்க வேண்டும். கால் நுழைக்கும் பட்டையான ஃபுட்ஸ்ட்ராப் வெகு பின்னால், விளிம்போரம் இருக்கும். கற்றுக்கொள்வதற்கு ஏற்ற இடம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு இந்த வகையில்தான் அதிகம். பல பழைய பலகைகளில் மரத்தின் அடிப்பூட்டு அந்தந்தக் கம்பெனிக்கே உரியது; இன்றைய பூட்டு பொருந்தாது. டாகர்போர்டு தொலைந்திருந்தால் அதே அச்சில் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. துளையின் அடியில் இருக்கும் ரப்பர் உதடுகள் கிழிந்திருந்தால், ஓடும்போது கால் அருகே தண்ணீர் ஊற்று மாதிரி பீச்சும். எடை 15 கிலோவுக்கு மேல், சிலவற்றில் 20. இவ்வளவு நீளத்தை வண்டிக் கூரையில் கட்டினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆனாலும் ஏரியிலோ காற்று அடங்கிய வளைகுடாவிலோ மட்டும் ஓட்டுபவர், வேகத்தைவிடத் தூரம் போவதை விரும்புபவர், வைக்க இடம் உள்ளவர் என்றால் இதை யோசிக்காமல் எடுக்கலாம். பலர் இதைச் சும்மாவே கொடுப்பார்கள். சும்மா கிடைக்கிறதே என்று டாகர்போர்டு இல்லாததைத் தூக்கி வந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

## அகலமான பயிற்சிப் பலகை, டாகர்போர்டோடு

160 முதல் 220 லிட்டர், 75 முதல் 95 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளம். மேலே மிருதுவான ஃபோம் ஒட்டியிருக்கும், முழங்கால் தேயாது. ஃபனாடிக் வைப்பர், ஸ்டார்போர்டு ஸ்டார்ட் போன்றவை இந்த வகை. பயிற்சிப் பள்ளிகள் சீசன் முடிவில் கழித்துவிடும் பலகைகள் பெரும்பாலும் இவைதான்.

"இதில்தானே கற்றுக்கொண்டேன், மறுபடி இதையே வாங்குவதா?" என்ற தயக்கம் இயல்பு. ஆனால் இந்த வகைக்குள்ளேயே இரண்டு சாதி உண்டு. 90 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள, ஃபுட்ஸ்ட்ராப் துளையே இல்லாத முழுப் பயிற்சிப் பலகையை விரைவில் தாண்டிவிடுவீர்கள். குடும்பத்தில் வேறு யாராவது கற்றுக்கொள்வதாக இருந்தால் ஒழிய அது வேண்டாம். 75 முதல் 85 வரை அகலமும், டாகர்போர்டும், ஃபுட்ஸ்ட்ராப்புக்கு உள்பக்கத் துளைகளும் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. காற்று இல்லாத நாளில் டாகர்போர்டை இறக்கி ஊர் சுற்றலாம். காற்று வந்தால் மடக்கிவிட்டு பிளேனிங் பழகலாம்.

நான் யாருக்காவது கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன் என்றால் அது டெக்னோ 293. நீளம் 293 சென்டிமீட்டர், பெயரே அதுதான். அகலம் 79, மிதப்பு 205 லிட்டர். சிறுவர்களுக்கான பந்தய வகுப்பின் பலகை என்பதால், வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பலகைகள் வருடந்தோறும் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும். அதைத் தயாரித்த பிக் ஸ்போர்ட் கம்பெனி கைமாறிய பிறகும் டாஹே என்ற பெயரில் அது வெளிவந்தது. ஆகவே ஃபின், டாகர்போர்டு எல்லாம் தேடினால் கிடைக்கும். இதன் மேல்தோல் ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக், இடிபட்டாலும் லேசில் உடையாது. கனம்தான் குறை: 12 கிலோவுக்கு மேல். ஒரு பந்தய சீசனில் கூட்டமாகத் தொடங்கும்போது வாங்கிய இடிகளின் தழும்புகள் மூக்கில் இருக்கும், அதையும் பாருங்கள்.

பள்ளி கழித்த பலகையில் மறைவான செலவு ஒன்று: அது ஒரு வருடத்தில் ஓடிய நேரம், தனியாள் பலகை பத்து வருடத்தில் ஓடியிருக்காது. மேல் ஃபோம் விளிம்பில் உரிந்திருக்கும், டாகர்போர்டு தொளதொளத்திருக்கும், பாதியில் நிறுத்தினால் நிற்காது. கல்லிலும் மணலிலும் இழுத்ததில் அடிப்பகுதியின் பின்முனை தேய்ந்திருக்கும். அங்கேதான் முதலில் குனிந்து பார்க்க வேண்டும்.

## ஃப்ரீரைடு, 130 முதல் 155 லிட்டர்

எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். ஆசையில் தவறும் இல்லை. நீளம் இரண்டரை மீட்டர் அளவில், அகலம் 75 முதல் 85, எடை 8 முதல் 10 கிலோ, ஒற்றை ஃபின். டபூ ராக்கெட், ஸ்டார்போர்டு கார்வ், ஃபனாடிக் கெக்கோ என்று ஒவ்வொரு கம்பெனியும் இந்த இடத்தில் ஒரு வரிசை விட்டிருக்கிறது. ஸ்டார்போர்டு கோ மாதிரி இதற்கும் பயிற்சிப் பலகைக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. அவை மேல் ஃபோமும் அகலமும் உள்ளவை, இந்த நிலைக்கு மிகவும் தோதானவை.

12 நாட்டுக்கு மேல் காற்று, 6.5 முதல் 7.5 சதுர மீட்டர் பாய், இடுப்பில் ஹார்னஸ். இவை சேர்ந்தால் இந்தப் பலகை உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை மற்ற எதுவும் சொல்லிக்கொடுக்காது. சீக்கிரம் பிளேனிங் எடுக்கும், ஃபுட்ஸ்ட்ராப்பில் கால் நுழைக்கும்போது பொறுத்துக்கொள்ளும், ஜைப் திருப்பத்தில் (காற்று முதுகுப்பக்கம் இருக்கத் திரும்புவது) விளிம்பை அழுத்தினால் வளைந்து கொடுக்கும். இதை விட்டால் அடுத்து வாங்கும் 115 லிட்டருக்குத் தயாராகவே இருப்பீர்கள்.

காற்று 8 நாட்டில் நின்றுவிட்டால்? அப்போது இது மிதக்கும் மேசை. டாகர்போர்டு இல்லாததால் ஏற முடியாது. குட்டையாக இருப்பதால் பாயை நிமிர்த்தும்போது முன்பின்னாக ஆடும். நிலத்திலிருந்து வெளியே வீசும் காற்றில் இதைத் தனியாக எடுத்துக்கொண்டு போகவே கூடாது. மெதுவான காற்று நாட்கள்தான் உங்களுக்கு அதிகம் என்றால், இந்தப் பலகையை ஒரு சீசனில் பத்து முறைகூடத் தண்ணீரில் இறக்க மாட்டீர்கள்.

ஃபின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த அளவுப் பலகைக்கு வரும் ஃபின் 45 முதல் 50 சென்டிமீட்டர். தொடை ஆழத்துக்குக் குறைவான தண்ணீரில் அது தரையைத் தொடும், தொட்ட வேகத்தில் நீங்கள் பாயோடு முன்னால் பறப்பீர்கள். பாசி மண்டிய நீர்நிலை என்றால் பின்னோக்கிச் சாய்ந்த பாசி ஃபின் ஒன்று தனியாக வாங்க வேண்டும். பொருத்தி பவர்பாக்ஸா, டட்டிலா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஃபின் கிடைக்கும். டிரிம்பாக்ஸ் என்றால் பலகையோடு வரும் ஃபினே கடைசி ஃபின் என்று நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இன்னொன்று: மேற்புறத்தில் ஃபுட்ஸ்ட்ராப் துளைகள் இரண்டு வரிசை இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் துளை உள்ள பலகை வேகப் பந்தயத்தின் பக்கம் சாய்ந்தது. உள்பக்கமாகவும் முன்னாலும் மாட்ட வழியுள்ளதுதான் உங்களுக்கு.

## மலிவாகக் கிடைக்கும் மற்றவை

115 லிட்டருக்குக் கீழே உள்ள அலைப் பலகை, சாகசத்துக்கான ஃப்ரீஸ்டைல், வேகப் பந்தயத்துக்கான ஸ்லாலம்: விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். 50 கிலோவை ஒட்டிய எடை உள்ளவருக்கு மட்டும் 115 லிட்டர் பொருந்தும், அதுவும் அகலம் இருந்தால்.

ஆர்.எஸ்.எக்ஸ்: 2008 முதல் டோக்கியோ வரை ஒலிம்பிக்கில் ஓடிய பலகை, 2024-இல் அந்த இடத்தை ஐக்யூஃபாயில் என்ற ஃபாயில் பலகை (அடியில் உள்ள இறக்கையால் நீருக்கு மேலே எழும்பி ஓடுவது) பிடித்துக்கொண்டதால் பழையவை இன்று கேட்பாரில்லாமல் விலைக்கு வருகின்றன. 93 சென்டிமீட்டர் அகலம், டாகர்போர்டு எல்லாம் உண்டு, படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்கள் பலகையின் ஃபின் 66 சென்டிமீட்டர். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்த்தான் ஏற முடியும். கனமும் அதிகம். பெரிய பாயைத் தாங்கும் பயிற்சி இல்லாத ஆளுக்கு இது மல்லுக்கட்டுதான்.

ஃபாயிலுக்கென்றே செய்த குட்டைப் பலகைகளையும் ஒதுக்குங்கள். காற்றடைத்த விண்ட்சப் (பாய் மாட்ட வழியுள்ள, நின்று துடுப்புப் போடும் பலகை) மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். வீட்டில் இடமே இல்லை, காரும் இல்லை என்றால், பையில் மடித்து வைக்கும் பலகையில் வாரம் இருமுறை போவது, இல்லாத பலகையைக் கனவு காண்பதைவிட மேல். பிளேனிங் கற்க முடியாது. நடுவில் ஃபின் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

## ஒரு பார்வையில்

| | நீளப் பலகை | அகலப் பயிற்சிப் பலகை | ஃப்ரீரைடு |
|---|---|---|---|
| அகலம் (செ.மீ.) | 65 அளவில் | 75–95 | 75–85 |
| மிதப்பு (லிட்டர்) | 200 அளவில் | 160–220 | 130–155 |
| எடை (கிலோ) | 15–20 | 12–16 | 8–10 |
| 8 நாட்டுக்குக் கீழே | மிக நன்று | நன்று | இழுபறி |
| 12 நாட்டுக்கு மேல் | அனுபவம் வேண்டும் | போதும் | மிக நன்று |
| காற்றை எதிர்த்து ஏறுவது | மிக எளிது | எளிது | வேகம் இருந்தால் மட்டும் |
| உதிரி | திண்டாட்டம் | வகையைப் பொறுத்து | எளிது |
| எங்கே கைவிடும் | சுமை, இடம் | தேய்மானம் | காற்று விழும்போது |

## கையால் தொட்டுப் பார்ப்பது

வகை எதுவாக இருந்தாலும், குறிப்பிட்ட அந்தப் பலகை கெட்டுப்போயிருந்தால் மேலே சொன்ன எதற்கும் பொருள் இல்லை. பெரும்பாலான பலகைகளின் உள்ளே இருப்பது தெர்மகோல்தான். அதன்மேல் எபாக்சியும் ஃபைபரும் சேர்ந்த மெல்லிய ஓடு. ஓட்டில் சின்ன விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போய்த் தெர்மகோல் மணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். வெளியே வர வாரக்கணக்கில் ஆகும்.

குளியலறை எடைமேடை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். நீங்கள் மட்டும் ஏறி நின்று ஒரு எண், பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரு எண், கழித்துப் பாருங்கள். ஃபுட்ஸ்ட்ராப்பும் ஃபினும் சேர்ந்து ஒன்றரை கிலோ வரை வரலாம். அதையும் தள்ளிய பிறகு, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட எடையைவிட இரண்டு கிலோ கூடுதல் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, அல்லது பெரிய பழுது பார்த்திருக்கிறார்கள். எந்த விளக்கத்தையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

அடுத்தது கட்டைவிரல். நீங்கள் நிற்கும் இடம், குதிகால் படும் இடம், மரத்தடியைச் சுற்றி என்று ஒவ்வொரு கையளவுக்கும் இரண்டு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை கல் மாதிரி இருக்கும். ஓடும் தெர்மகோலும் பிரிந்த இடத்தில் லேசாக உள்ளே போய்த் திரும்பி வரும், சில சமயம் 'டக்' என்று சத்தம் கேட்கும். மேல் ஃபோம் ஒட்டிய பலகையில் இது தெரியாது. அங்கே நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். சத்தம் கூர்மையாக இருந்து திடீரென்று மந்தமானால் அங்கே நில்லுங்கள். இடப்பக்கம் தட்டிய இடத்தை வலப்பக்கத்திலும் தட்டி ஒப்பிடுங்கள்.

மூக்கைப் பாருங்கள். ஹார்னஸோடு முன்னால் தூக்கி எறியப்படும்போது மரம் வந்து அடிக்கும் இடம் அது. நிறம் ஒரு கைப்பிடி அளவுக்கு மட்டும் மாறியிருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள். பழுது பார்த்தது குற்றமில்லை, நான் வைத்திருக்கும் பலகையிலும் இரண்டு இருக்கின்றன. ஆனால் விற்பவர் அதைத் தானாகச் சொன்னாரா, நீங்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னாரா என்பதைக் கவனியுங்கள்.

ஃபினைக் கழற்றச் சொல்லுங்கள். பொருத்தியின் உள்மூலைகளில் கோடு மாதிரி விரிசல் இருக்கிறதா? ஃபினை மாட்டி இப்படியும் அப்படியும் அசைத்தால் ஆடுகிறதா? ஃபுட்ஸ்ட்ராப் திருகுகளில் இரண்டை இறுக்கிப் பாருங்கள்; சுற்றிக்கொண்டே போனால் துளை போய்விட்டது. காற்றுத் திருகைக் (பலகைக்குள் இருக்கும் காற்றை வெளிவிடும் திருகு) கழற்றி அதன் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். துளையின் வாயில் ஈரமோ உப்புப் படிவோ இருந்தால் அதுவே பதில்.

விற்பவர் ஒத்துக்கொண்டால் இன்னொரு சோதனை உண்டு. காற்றுத் திருகை இறுக்கி மூடி, பலகையைச் சிறிது நேரம் வெயிலில் வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று விரியும். சந்தேகமுள்ள இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கும் அதே வேலை. ஆனால் மறந்துபோய் மணிக்கணக்கில் வெயிலில் விட்டுவிடாதீர்கள்; நன்றாக இருந்த ஓடும் பிரிந்துவிடும்.

பாலித்தீனால் செய்த பழைய பயிற்சிப் பலகைகளுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவை லேசில் உடையாது. உடைந்தால் எபாக்சி ஒட்டாது, பிளாஸ்டிக் வெல்டிங்தான் செய்ய வேண்டும்.

"பாய், மரம், பூம் எல்லாம் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள். கேளுங்கள், ஆனால் பலகைக்குத் தனி விலை, ரிக்குக்கு (பாய், மரம், பூம் சேர்ந்த தொகுப்பு) தனி விலை என்று பிரித்துக் கேளுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் மோனோஃபிலிம் பாய் வெயிலில் கிடந்து மஞ்சளாகி, மடக்கினால் நொறுங்கும் நிலையில் இருந்தால் அதற்கு விலையே இல்லை. நீளப் பலகையோடு வரும் பழைய ரிக் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கும்.

## ஆளுக்கு ஏற்றபடி

60 கிலோ ஆள், காற்று நல்ல இடம்: 120 முதல் 135 லிட்டர் ஃப்ரீரைடு. இந்த எடைக்கு 155 லிட்டர் வாங்கினால் காற்றடிக்கும்போது அலையில் துள்ளிக்கொண்டு அடங்காது.

95 கிலோ ஆள்: ஃப்ரீரைடு என்றால் 155-க்குக் குறையக் கூடாது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் 160-ஐத் தாண்டிய ஃப்ரீரைடு அபூர்வம். டாகர்போர்டு வைத்த அகலப் பலகையே எளிதில் அமையும்.

வீட்டில் இரண்டு பேர் ஒரே பலகையில் ஓட்டப் போகிறீர்கள், ஒருவர் இன்னும் பாயைத் தூக்கத் திணறுகிறார் என்றால் வேறு பேச்சே இல்லை, அகலப் பலகைதான்.

உங்கள் ஊரில் காற்று நாள் நன்றாக இருந்து, வாட்டர்ஸ்டார்ட்டும் (நீரில் இருந்தபடியே பாயில் காற்றைப் பிடித்துப் பலகையில் எழுவது) பழகத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் அகலப் பலகையைத் தாண்டி நேராக ஃப்ரீரைடுக்குப் போங்கள். இதில் தயங்கினால் ஒரு சீசன் வீண்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஓட்டுவது ஏரியில். எடை 80 கிலோ. பத்தில் ஆறு நாள் 10 நாட்டைத் தாண்டாது என்று அவரே சொன்னார். ஆனாலும் மனம் அந்த ஆரஞ்சுப் பலகையில்தான் இருந்தது. சரி, பார்த்துவிட்டே வருவோம் என்று எடைமேடையோடு போனோம். பின்பக்க ஸ்ட்ராப்புக்கு அருகே நான் கட்டைவிரலை வைத்ததும் 'டக்' என்றது. நண்பர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஃபினையும் ஸ்ட்ராப்பையும் கழற்றிவிட்டு எடைமேடையில் ஏறினார், 12.1 கிலோ. மேலே அச்சடித்திருந்தது 8.9. விற்றவர், "ரெண்டு நாள் வெயில்ல வெச்சா காஞ்சிடும்" என்றார்.

வெளுத்த பலகையை அன்று சாயங்காலமே பார்த்தோம். 13 கிலோ, டாகர்போர்டு பாதியில் நிறுத்தினால் நின்றது, ரப்பர் உதடு ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. நண்பர் அதைச் சொல்லிக் கொஞ்சம் விலை குறைத்தார். உதடு மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. அதற்கடுத்த ஞாயிறு ஏரியில் 7 நாட் காற்று. நண்பர் மறுகரை வரை போய் வந்தார்.